சர்க்காரை எதிர்த்து கேஸ் போட்டால் கோர்ட் யார் பக்கம்?

கேட்டவரின் சித்தப்பா ஒரு சிவில் கான்ட்ராக்டர். அரசுத் துறை ஒன்றுக்குப் பாலம் கட்டிக் கொடுத்திருக்கிறார். கூடுதலாகச் செய்த வேலைக்குப் பணம் வரவில்லை. இடத்தைத் துறை தாமதமாக ஒப்படைத்ததால் ஆன நஷ்டத்துக்கும் ஒன்றும் தரவில்லை. கேஸ் போடலாம் என்றால், “ஜட்ஜுக்குச் சம்பளம் கொடுக்கறதே சர்க்கார்தானே, யார் பக்கம் சாய்வாங்கன்னு தெரியாதா?” என்று கூடத் தொழில் செய்பவர்கள் தடுக்கிறார்களாம். அது உண்மையா என்பது கேள்வி.

சாய்வு உண்டு. ஆனால் அவர்கள் கை காட்டும் இடத்தில் அது ரொம்பக் குறைவு. உயர் நீதிமன்ற நீதிபதியின் சம்பளம் சட்டசபை ஓட்டுப்போட்டு நிறுத்தக்கூடிய செலவு இல்லை; நேராக அரசின் தொகுப்பு நிதியிலிருந்து போகிறது. நீதிபதி தீர்ப்பு சொல்லும் அந்த ஒரு நாளில் அரசுக்குப் பெரிய அனுகூலம் கிடையாது. அதற்கு முன்னால் ஒப்பந்தத்தில் இருக்கும் வாசகங்களிலும், தீர்ப்புக்குப் பின்னால் பணம் கைக்கு வரும் வரையிலான வருடங்களிலும்தான் தராசு சாய்ந்திருக்கிறது.

முதல் இடம் ஃபைனல் பில். எம்-புக்கில் (செய்த வேலையின் அளவைப் பதியும் புத்தகம்) அளவெல்லாம் ஏறி, பில் தயாராகி, செக்யூரிட்டி டெபாசிட்டும் திரும்ப வர வேண்டிய நேரத்தில் ஒரு தாளை நீட்டுவார்கள்: ‘இனி எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை.’ கையெழுத்துப் போட்டால் செக். போடாவிட்டால் ஃபைல் நகராது. ஜல்லிக்காரருக்கும் கம்பிக்காரருக்கும் பாக்கி வைத்திருப்பவர் என்ன செய்வார்? போட்டுவிடுவார். பிறகு கேஸ் என்று வந்ததும் அரசு வக்கீல் முதலில் எடுத்துக் காட்டுவது அந்தத் தாளைத்தான். நல்லவேளையாக, இதில் உச்ச நீதிமன்றம் கான்ட்ராக்டரின் நிலைமையைப் புரிந்துகொண்டிருக்கிறது. நிர்ப்பந்தத்தில் கொடுத்த ரசீதால் உரிமை போய்விடாது என்று 2008-இல் போகாரா பாலிஃபேப் வழக்கிலும், ‘பாக்கி இல்லை’ சான்றிதழ் கொடுத்ததாலேயே நியாயமான கோரிக்கையைத் தள்ளிவிட முடியாது என்று 2011-இல் குஜராத் அரசுக்கு எதிரான கலாத்தியா வழக்கிலும் சொல்லிவிட்டது. ஆனால் நிர்ப்பந்தத்தை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். கையெழுத்துப் போட்ட கையோடு “பணம் வர வேண்டியதற்காகப் போட்டேன், என் கோரிக்கைகள் அப்படியே நிற்கின்றன” என்று ஒரு கடிதம் போயிருந்தால் கதை வேறு. இரண்டு வருடம் கழித்துச் சொன்னால் நடுவர் (கோர்ட்டுக்குப் பதிலாகத் தகராறைத் தீர்க்க ஒப்பந்தப்படி நியமிக்கப்படும் ஆர்பிட்ரேட்டர்) நம்புவது சிரமம்.

இரண்டாவது இடம் நடுவர் நியமனம். பாரபட்சம் என்ற சொல் உண்மையிலேயே பொருந்துவது இங்கேதான். அரசு ஒப்பந்தங்களில் நெடுங்காலமாக இருந்த வழக்கம், தகராறு வந்தால் அதே துறையின் அதிகாரி ஒருவரே நடுவர் என்பது. 2009-இல்கூட ராஜா டிரான்ஸ்போர்ட் வழக்கில், ஊழியர் என்ற ஒரே காரணத்துக்காக அவரைப் பாரபட்சமானவர் என்று சொல்ல முடியாது, அந்த ஒப்பந்தத்தை நேரடியாகக் கையாண்டவராக இருந்தால்தான் சந்தேகத்துக்கு இடம் என்று உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. சட்ட ஆணையத்தின் 246-ஆவது அறிக்கை 2014-இல் இதைக் கண்டித்தது. அதன் பிறகு நடுவர் சட்டத்தில் 12(5) பிரிவும் ஏழாவது அட்டவணையும் வந்தன. 2015 அக்டோபர் 23 முதல், ஒரு தரப்பின் ஊழியர் நடுவராக உட்கார முடியாது. தகராறு வந்தபின் இரு தரப்பும் எழுத்தில் சம்மதித்தால் மட்டும் விதிவிலக்கு.

வாசலை மூடினால் ஜன்னல் வழியாக வந்தார்கள். ரயில்வே என்ன செய்தது தெரியுமா? பணியில் இருக்கும் அதிகாரிக்குப் பதில் ஓய்வுபெற்ற ரயில்வே அதிகாரிகளின் பட்டியல் ஒன்றைத் தயாரித்தது. அதிலிருந்து நான்கு பெயரை கான்ட்ராக்டருக்கு அனுப்பும். அவர் இரண்டு பெயரைச் சொல்ல வேண்டும். அந்த இரண்டில் ஒருவரைப் பொது மேலாளர் ‘கான்ட்ராக்டரின் நடுவர்’ என்று நியமிப்பார். மீதி இரண்டு பேரையும் அவரே போடுவார். மூன்று பேரும் ரயில்வே சமையலறையில் வெந்தவர்கள். உப்புப் போட மட்டும் கான்ட்ராக்டருக்கு அனுமதி. 2019 நவம்பரில் பெர்கின்ஸ் ஈஸ்ட்மன் வழக்கில், ஒரு தரப்பு தனி நடுவரைத் தானே நியமிக்கக் கூடாது என்று சொன்ன அதே உச்ச நீதிமன்றம், அடுத்த மாதமே ரயில்வேயின் இந்தப் பட்டியல் முறை செல்லும் என்றது. ஐந்து வருடக் குழப்பத்துக்குப் பிறகு 2024 நவம்பர் 8-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதைத் திருத்தியது. ஒரு தரப்பின் கையில் மட்டும் இருக்கும் நியமனம் சமத்துவத்துக்கு விரோதம், அரசு ஒப்பந்தங்களில் அது அரசியல் சாசனத்தின் 14-ஆவது பிரிவையே மீறுவது என்று பெரும்பான்மைத் தீர்ப்பு சொல்கிறது. மூன்று பேர் நடுவர் மன்றங்களுக்கு இது அந்தத் தேதிக்குப் பின் நடக்கும் நியமனங்களுக்கு மட்டும்.

ஓய்வுபெற்ற இன்ஜினியர்கள் எல்லாம் கை நீட்டுகிறவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பெரும்பாலானவர்கள் நேர்மையானவர்கள்தான். சிக்கல் அவர்கள் பழகிய பார்வையில். முப்பது வருடம் “இந்த ஐட்டம் அட்மிட் ஆகாது” என்று ஃபைலில் எழுதி வந்தவருக்கு, இன்னொரு இன்ஜினியர் அப்படி எழுதியது இயல்பாகவே சரி என்று படும். லஞ்சத்தை நிரூபிக்கலாம், இதை எப்படி நிரூபிப்பது? அதனால்தான் சட்டம் நடுவரின் மனதைத் தோண்டாமல், யார் நியமித்தார், அவருக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது.

தேசிய நெடுஞ்சாலைக்கு நிலம் எடுப்பதில் இது இன்னும் பச்சையாகத் தெரியும். அங்கே இழப்பீட்டுத் தகராறுக்கு நடுவரை மத்திய அரசே நியமிக்கும். நடைமுறையில் பெரும்பாலும் மாவட்ட ஆட்சியர். தமிழ்நாட்டிலிருந்து போன ஹக்கீம் வழக்கில் சதுர மீட்டருக்கு 46 ரூபாயிலிருந்து 83 ரூபாய் வரை வழங்கியிருந்தார்கள். மாவட்ட நீதிமன்றம் அதை 645 ரூபாய் ஆக்கியது. நடுவர் தீர்ப்பை ரத்து செய்யலாம், திருத்தும் அதிகாரம் கோர்ட்டுக்கு இல்லை என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தை விளக்கினாலும், அந்த நில உரிமையாளர்களுக்குக் கிடைத்த பணத்தில் கை வைக்கவில்லை. 2025 ஏப்ரலில் காயத்ரி பாலசாமி வழக்கில், குறுகிய எல்லைக்குள் திருத்தலாம் என்று நிலைப்பாடு மாறியிருக்கிறது.

சரி, நடுவர் மன்றத்தில் ஜெயித்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். கான்ட்ராக்டர்கள் அங்கே ஜெயிப்பது அபூர்வம் இல்லை. சொல்லப்போனால் அரசின் புகாரே அதுதான். 2024 ஜூன் 3-இல் மத்திய நிதி அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதலைப் படித்துப் பாருங்கள். நடுவர்கள் நீதிபதிகளைப் போன்ற கண்டிப்பான தேர்வில் வந்தவர்கள் இல்லை, அதிகாரிகள் மாறுதலாகிப் போய்விடுவதால் எங்கள் பக்கத்தைச் சரியாக எடுத்து வைக்க முடியவில்லை, தவறான தீர்ப்புகள் வருகின்றன என்று அரசு சொல்கிறது. முடிவாக, இனி 10 கோடி ரூபாய்க்குக் குறைந்த தகராறுகளுக்கு மட்டுமே நடுவர் முறை வழக்கமாக இருக்க வேண்டும், மற்றவை சமரசம் அல்லது கோர்ட் என்றது. அரசுக்கும் தான் பாரபட்சத்துக்கு ஆளாகிறோம் என்ற எண்ணம் இருக்கிறது. அதில் ஓரளவு நியாயமும் உண்டு. ஒரு நாள் அமர்வுக்கு லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கும் நடுவர்களையும், துறைத் தரப்பில் யாருமே ஒழுங்காகத் தயாராகி வராத விசாரணைகளையும் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனால் ஒழுங்காகத் தயாராகாமல் தோற்பதற்குப் பெயர் பாரபட்சம் இல்லையே!

மூன்றாவது இடம் பணம். என் கணிப்பில் மிகப் பெரிய சாய்வு இங்கேதான். 2015-க்கு முன் சட்டம் எப்படி இருந்தது என்றால், தோற்றவர் நடுவர் தீர்ப்பை ரத்து செய்யக் கோரி 34-ஆவது பிரிவில் ஒரு மனுப் போட்டால் போதும், தீர்ப்பு தானாகவே நின்றுவிடும். நீதிபதி ஸ்டே கொடுக்கக்கூட வேண்டாம். 2015 திருத்தம் இதை எடுத்தது. பழைய வழக்குகளுக்கும் புது விதி பொருந்தும் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. உடனே 2019-இல் நாடாளுமன்றம் 87-ஆவது பிரிவைச் சேர்த்துப் பழைய தானியங்கி ஸ்டேயைத் திரும்பக் கொண்டுவந்தது. இதனால் லாபமடைந்த பெரிய தரப்பு எது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அதே வருடம் நவம்பர் 27-இல் ஹிந்துஸ்தான் கன்ஸ்ட்ரக்‌ஷன் வழக்கில் அந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அந்தக் கம்பெனியின் வாதம் எளிமையானது: எனக்கு அரசு அமைப்புகள் தர வேண்டியது ஆயிரக்கணக்கான கோடி, எல்லாம் ஸ்டேயில் கிடக்கிறது, எனக்குச் சரக்கு கொடுத்தவர்களோ சிறு பாக்கிக்கு என்னைத் திவால் சட்டத்தில் இழுக்கலாம், நான் அரசை அப்படி இழுக்க முடியாது.

அரசுக்கென்று தனிச் சலுகைகள் சிவில் நடைமுறைச் சட்டத்திலேயே பொதிந்து கிடக்கின்றன. கேஸ் போடுவதற்கு முன் இரண்டு மாத நோட்டீஸ், 80-ஆவது பிரிவு. டிக்ரி ஆன பிறகும் மூன்று மாதம் கழித்தே நிறைவேற்றம், 82-ஆவது பிரிவு. மேல்முறையீட்டில் ஸ்டே கேட்டால் தனியார் பணம் கட்ட வேண்டும். அரசு ஈடு எதுவும் கொடுக்கத் தேவையில்லை, 27-ஆவது கட்டளையின் 8ஏ விதி. இந்தக் கடைசிச் சலுகையைக் காட்டித்தான் மேற்கு வங்க அரசு ஒரு நடுவர் தீர்ப்புக்கு நிபந்தனை இல்லாத ஸ்டே வாங்கியது. 2019 ஜூலையில் பாம் டெவலப்பர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை உடைத்தது: நடுவர் சட்டத்தில் அரசு என்று தனி ஜாதி இல்லை, எல்லா வழக்காளிகளும் ஒன்றுதான். பணம் கோர்ட்டில் கட்டச் சொல்லிக் கேட்கப் போகும்போது உங்கள் வக்கீல் கையில் இருக்க வேண்டிய தீர்ப்பு இது.

மத்திய அரசு 2016-இலேயே, மேல்முறையீடு நிலுவையில் இருந்தாலும் 75 சதவீதத்தை வங்கி உத்தரவாதத்தின் பேரில் கான்ட்ராக்டருக்குக் கொடுத்துவிடுங்கள் என்று முடிவெடுத்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பேங்கில் போய் நின்றால் தெரியும். மார்ஜின் பணம் கட்டு, சொத்து ஈடு வை, வருடா வருடம் கமிஷன் கொடு. ஏற்கெனவே பணமில்லாமல் நொடித்தவனுக்கு எந்த பேங்க் கேரண்டி கொடுக்கும்? எல் அண்ட் டி போன்றவர்களுக்குப் பயன்பட்ட திட்டம் இது.

நீதிபதிகளின் மனச்சாய்வு என்று ஒன்று உண்டென்றால், அது “பொதுப் பணம்” என்ற சொல்லில் இருக்கிறது. இது என் கருத்து. சட்டப் புத்தகத்தில் கிடைக்காது. நடுவர் தீர்ப்பில் கோர்ட் தலையிடும் அதிகாரம் எப்போதெல்லாம் விரிந்தது என்று பாருங்கள். 2003-இல் ஓஎன்ஜிசி - சா பைப்ஸ் வழக்கு. ‘வெளிப்படையான சட்டப் பிழை’ இருந்தாலும் ரத்து செய்யலாம் என்றது. 2014-இல் ஓஎன்ஜிசி - வெஸ்டர்ன் ஜீகோ வழக்கு, இன்னும் கொஞ்சம் விரித்தது. இரண்டிலும் நடுவர் மன்றத்தில் தோற்றுவிட்டு கோர்ட்டுக்கு வந்தது பொதுத்துறை நிறுவனம். 2015 திருத்தமும் 2019-இல் சாங்யாங் வழக்கும் கதவைத் திரும்பச் சாத்தின. அந்த சாங்யாங் வழக்கில் ஜெயித்தது நெடுஞ்சாலை ஆணையத்தை எதிர்த்த கொரிய கம்பெனி என்பதையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நான் எனக்கு வசதியானதை மட்டும் பொறுக்கி எடுத்தது போலாகும்.

டெல்லி மெட்ரோ வழக்கைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். விமான நிலைய விரைவு ரயில் பாதையை நடத்த ரிலையன்ஸ் இன்ஃப்ராவின் துணை நிறுவனத்தோடு 2008-இல் ஒப்பந்தம். 2012-இல் பாலத்தில் குறைபாடுகள் என்று சொல்லிக் கம்பெனி ரயிலை நிறுத்தியது. குறைகளைச் சரிசெய்யச் சொல்லி நோட்டீஸ் கொடுத்தது. கெடுவுக்குள் சரியாகவில்லை என்று ஒப்பந்தத்தை முறித்தது. 2017 மே மாதம் நடுவர் மன்றம் கம்பெனிக்கு 2,782 கோடி ரூபாயும் வட்டியும் கொடுத்தது. 2018-இல் டெல்லி உயர் நீதிமன்றத் தனி நீதிபதி அதை உறுதி செய்தார். 2019-இல் இரு நீதிபதிகள் அமர்வு ரத்து செய்தது. 2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் திரும்பக் கொடுத்தது. மெட்ரோவின் சீராய்வு மனுவும் தள்ளுபடி. தனியார் வழக்காக இருந்தால் கதை அங்கே முடிந்திருக்கும். இங்கே அதற்கும் மேல் குறைதீர் மனு என்ற கடைசிப் படி ஏறினார்கள். வட்டியோடு தொகை சுமார் 8,000 கோடியைத் தொட்டிருந்தது. 2024 ஏப்ரல் 10-இல் உச்ச நீதிமன்றம் தன் சொந்தத் தீர்ப்பையே மாற்றி நடுவர் தீர்ப்பை ரத்து செய்தது. அதுவரை மெட்ரோ கட்டிய பணத்தைத் திருப்பித் தரச் சொன்னது.

இதைப் பாரபட்சம் என்பதா? தீர்ப்பின் காரணம் வலுவானது. பாதை பாதுகாப்பானது என்று ரயில்வே பாதுகாப்பு ஆணையர் கொடுத்த சான்றிதழை நடுவர் மன்றம் கணக்கிலேயே எடுக்கவில்லை. குறைகள் சரியானதா இல்லையா என்ற கேள்வியில் அந்த ஆவணத்தைத் தாண்டிப் போக முடியாது. படித்தால் எனக்கும் அது சரியாகவே படுகிறது. ஆனால் இதே தவறு நடந்த வழக்கில் தோற்றவர் ஒரு சேலத்து கான்ட்ராக்டர், தொகை 40 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குறைதீர் மனு வரை அவர் போயிருப்பாரா, போனாலும் அந்தக் கதவு திறந்திருக்குமா? இந்த வித்தியாசத்தை எந்த நீதிபதியின் நேர்மையின்மையிலும் ஏற்ற முடியாது. பொது நிறுவனம் கடைசிப் படி வரை ஏறும். ஏறுவதற்கான வக்கீல் ஃபீஸ் எந்த அதிகாரியின் பாக்கெட்டிலிருந்தும் போவதில்லை.

அதிகாரி ஏன் விடாமல் மேல்முறையீடு போகிறார் என்பதற்கும் காரணம் இருக்கிறது. பணத்தைக் கொடுத்துவிடலாம் என்று ஃபைலில் எழுதினால் ஆடிட் கேட்கும், விஜிலென்ஸ் கேட்கும். ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018 வரை இருந்த ஒரு பிரிவின்படி, பொதுநலன் இல்லாமல் யாருக்காவது பண லாபம் கிடைக்கச் செய்தாலே குற்றம், உள்நோக்கம் தேவையில்லை. அந்தப் பிரிவு போய்விட்டது, பயம் போகவில்லை. “அப்பீல் போனோம், தோற்றோம்” என்றால் யாரும் அவரைக் கேட்க மாட்டார்கள். 2023-இல் மத்திய அரசு நிலுவை வழக்குகளை முடிக்க ஒரு சமரசத் திட்டம் கொண்டுவந்தது: கோர்ட் தீர்ப்பு கையில் இருந்தால் 85 சதவீதம் வரை, நடுவர் தீர்ப்பு மட்டும் இருந்தால் 65 சதவீதம் வரை வாங்கிக்கொண்டு போகலாம். ஜெயித்த தீர்ப்பில் 35 ரூபாயை விட்டுக்கொடுத்தால் 65 ரூபாய் இப்போதே கிடைக்கும் என்று அரசே விலை வைத்தது. தாமதத்துக்கு இதைவிடத் தெளிவான விலைச்சீட்டை நான் பார்த்ததில்லை.

தாமதத்தில் கோர்ட் இப்போது முன்போல் தளர்வு காட்டுவதில்லை. 2005-இல் தெற்கு ரயில்வேக்கு எதிராகத் திருச்சி கான்ட்ராக்டர் ஒருவர் நடத்திய டெக்கோ வழக்கில், நடுவர் தீர்ப்பின் நகல் பொது மேலாளர் அலுவலகத்துத் தபால் பிரிவில் வந்து சேர்ந்த நாளைக் கணக்கில் எடுக்காமல், விவகாரம் தெரிந்த தலைமைப் பொறியாளர் கைக்குப் போன நாளிலிருந்து கெடு ஓடும் என்றது உச்ச நீதிமன்றம். பெரிய அமைப்பு, ஃபைல் நகர நாளாகும் என்ற கரிசனம். அந்தக் கரிசனம் 2012-இல் தபால் துறை வழக்கில் குறைந்தது. 2021-இல் மகாராஷ்டிர அரசின் போர்சே பிரதர்ஸ் வழக்கில், வணிக வழக்குகளின் மேல்முறையீட்டில் அரசென்பதற்காகத் தாமதத்தை மன்னிக்க முடியாது என்று கறாராகவே சொல்லிவிட்டார்கள். 34-ஆவது பிரிவு மனுவுக்கு மூன்று மாதமும் அதற்கு மேல் 30 நாளும்தான். 31-ஆவது நாள் அரசு வந்தாலும் கதவு சாத்தியதுதான்.

இனி உங்கள் சித்தப்பா விஷயம். ஒப்பந்தத்தை எடுத்து நடுவர் பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்து, துறையே தனியாக நடுவரை நியமிக்கும் என்று எழுதியிருந்தால் பயப்படாதீர்கள்; அந்தப் பகுதி நிற்காது, உயர் நீதிமன்றத்தில் நடுவர் சட்டத்தின் 11-ஆவது பிரிவில் சுயேச்சையான நடுவரைக் கேட்கலாம். நடுவரிடம் போக வேண்டுமானால் கோரும் தொகையில் 10 சதவீதம் முன்கூட்டிக் கட்டு என்று சில ஒப்பந்தங்களில் இருக்கும். அப்படி ஒரு நிபந்தனையை 2019-இல் பஞ்சாப் குடிநீர் வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றம் அடித்துவிட்டது. நடுவர் பிரிவே இல்லை என்றால் வணிக நீதிமன்றம்; 3 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேற்பட்ட தகராறு அங்கே போகும், தமிழ்நாட்டில் சிவில் வழக்குக்குக் கோர்ட் ஃபீ பொதுவாகக் கோரும் தொகையில் 3 சதவீதம். அவசரத் தடை எதுவும் கேட்காவிட்டால் முதலில் சமரச மையத்துக்குப் போய்வந்த பிறகே மனுவை ஏற்பார்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் தேதியைப் பாருங்கள். பணம் தர முடியாது என்று துறை எப்போது சொன்னது, அல்லது எப்போது வாயைத் திறக்காமல் இருந்துவிட்டது? அதிலிருந்து மூன்று வருடம். “பரிசீலனையில் இருக்கிறது” என்று வரும் பதில்களும், நாம் போடும் ஞாபகக் கடிதங்களும் கெடுவை நீட்டாது. 2019-இல் ஜியோ மில்லர் வழக்கில் ராஜஸ்தான் மின்வாரியத்துக்கு எதிராக நம்பிக்கையோடு கடிதம் எழுதிக்கொண்டிருந்த கம்பெனி அப்படித்தான் தோற்றது. பாக்கி உண்டு என்று கெடுவுக்குள் எழுத்தில் ஒப்புக்கொண்டிருந்தால் புதுக் கணக்கு ஆரம்பிக்கும். எக்ஸிக்யூட்டிவ் இன்ஜினியர் நல்லவர், அடுத்த மாதம் ஒதுக்கீடு வந்ததும் பார்க்கலாம் என்கிறார் என்று சித்தப்பா சொன்னால், அவரிடம் தொடர்ந்து பேசட்டும். நடுவர் பிரிவு இருக்கிற பட்சத்தில் தகராறை நடுவரிடம் விடக் கோரும் 21-ஆவது பிரிவு நோட்டீஸ் மட்டும் இப்போதே ஸ்பீட் போஸ்டில் போகட்டும். அது துறைக்குப் போய்ச் சேரும் நாளில்தான் நடுவர் நடவடிக்கை தொடங்கியதாகச் சட்டம் கணக்கிடுகிறது.